பெயர்ப் பலகை இல்லாத கண்ணாடிக் கடைக்கு 82 மதிப்பெண்

முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் விடைத்தாள் திருத்திய கை இது. நட்சத்திரம் கொடுக்கத் தெரியாது, மதிப்பெண்தான் போட வரும். மதுரை ஆரப்பாளையம் பக்கத்துச் சந்து ஒன்றில், தகரக் கொட்டகைக்குள் நடக்கும் கார் கண்ணாடிக் கடைக்கு நூற்றுக்கு 82 போடுகிறேன். 18 மதிப்பெண் எங்கே போயிற்று என்பது பின்னால் வரும்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சுவரோரம் பழைய கார்க் கண்ணாடிகள் அப்பளம்போல் அடுக்கிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதுதான் அடையாளம். சந்து முனைத் தேநீர்க் கடையில் "கண்ணாடிக்காரர்" என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

என்னுடையது 2014இல் வாங்கிய சிறிய கார். திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் கோயிலுக்கு, கடைத்தெருவுக்கு, மாதம் ஒருமுறை மேலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு. அதன் உலகம் அவ்வளவுதான். கடந்த ஜூலையில் மேலூரிலிருந்து திரும்பும்போது முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து முன் கண்ணாடியில் விழுந்தது. பொட்டு அளவு இருந்த விரிசல் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முழ நீளத்துக்கு ஓடிவிட்டது. நகருக்குள் ஒரு கடையில் 5,200 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்து மெச்சி, பையன்களுக்குத் தேநீர்ச் செலவுக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் அந்த நூறுதான் உறுத்துகிறது.

முழுக் காப்பீடு இருந்தும் ஏன் கோரவில்லை என்று மருமகன் கேட்டார். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்றால் கட்டாயக் கழிவு என்று நம் கையிலிருந்து போவது 1,000 ரூபாய் மட்டும்தான். ஆனால் கோரிக்கையே இல்லாமல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிவந்த தள்ளுபடி போய்விடுமே என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கு சரியா தவறா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் தீர்ப்பு வரவில்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. மறுநாள் காலையில் இடது பக்க முன் இருக்கையின் கால்மிதி ஈரம். முந்தின நாள் அங்கே உட்கார்ந்து வந்த தங்கையின் குடைமேல் பழி போட்டேன். அடுத்த மழைக்குத் தங்கையும் இல்லை, குடையும் இல்லை. மிதியைத் தூக்கிக் கீழே இருந்த கார்பெட்டை அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. ஒரு வாரத்தில் வாளியில் ஊறப்போட்டு மறந்துபோன துணியின் வாடை. காலையில் காரை எடுத்தால் கண்ணாடியின் உட்புறம் முழுக்க ஆவி படிந்து, துடைத்துத் துடைத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

வழக்கமாகப் பராமரிப்புக்கு விடும் இடத்தில் காட்டினேன். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும் என்று சொல்லிச் சுத்தம் செய்து 1,250 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் நினைத்ததில் தவறில்லை. ஏசி ஓடும்போது உள்ளே குளிர்ந்த சுருள்மேல் காற்றின் ஈரம் படிந்து சொட்டும். அந்தத் தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியே வண்டிக்கு அடியில் போக வேண்டும். குழாய் அடைத்தால் இதே இடது கால்மாட்டில்தான் தேங்கும். ஆனால் என் காரில் ஏசி போட்டு வெயிலில் நாள் முழுக்கச் சுற்றினாலும் சொட்டு ஈரம் இருக்காது, மழை பெய்தால் மட்டும்தான் நனையும். அதை அவர்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அடுத்து இன்னோர் இடம். கண்ணாடியைச் சுற்றி விளிம்பு முழுக்கச் சிலிகான் பசையைப் பிதுக்கி, விரலால் இழுத்து, 600 ரூபாய் என்றார்கள். காருக்குப் பக்கத்தில் போனதும் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் வினிகர் நெடி. அசிட்டிக் அமிலம்! அந்த வகைச் சிலிகான் இறுகும்போது அதைத்தான் வெளியே விடும். இரும்பின் பக்கத்தில் அமிலத்தையும் ஈரத்தையும் சேர்த்து அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! மூக்கு சொல்லியும் வாய் திறக்கவில்லை. 600 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அடுத்த மழையில் கார்பெட் மறுபடியும் குளம்.

எதிர் வீட்டில் குடியிருப்பவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். நான் வாசலில் கார்பெட்டைக் கிளப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அடைக்கிறவரிடம் போகாதீர்கள் அம்மா, தேடுகிறவரிடம் போங்கள்" என்று சொல்லி இந்தக் கடைக்கு வழி சொன்னார்.

கண்ணாடிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். வேலை பேசுவதற்கு முன் கேள்வி கேட்டார். தண்ணீர் நிறமாக இருக்கிறதா, பிசுபிசுப்பா, இனிப்பு வாடை வருகிறதா? இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே ஒழுகுகிறது என்று பொருளாம். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்? வேப்பமரத்தடியில். சரிவு எந்தப் பக்கம்? தெருவைப் பார்த்து. கண்ணாடியை எப்போது மாற்றினீர்கள்? ஜூலையில். அதற்கு முன் ஒருநாளாவது நனைந்ததா? இல்லை. இந்தக் கடைசிப் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினார், எதுவும் சொல்லவில்லை. சந்தேகம் வந்ததும் தீர்ப்புச் சொல்லாத ஆளை எனக்குப் பிடிக்கும். என்னிடம் படித்தவரோ என்று கேட்டுப் பார்த்தேன். "எட்டாவதோடு நின்றுவிட்டேன் டீச்சர், உங்களிடம் வந்துசேரும் வரை படிக்கவில்லை" என்றார்.

பிறகு கட்டணத்தைச் சொன்னார். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க 500 ரூபாய். கண்டுபிடித்ததைக் கண்ணால் காட்டுவார். சரிசெய்வது தனி வேலை, தனிக் கூலி, அதை அவரிடமே செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதற்காகவே பத்து மதிப்பெண் கூடப் போடலாம். முந்தின இரண்டு இடங்களிலும் தேடுவதற்குக் காசு இல்லை, ஆகவே யாரும் தேடவில்லை.

தேடிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் காரிலும் இப்படி நனைந்தால், யாரிடம் போனாலும் இந்த வரிசையில் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

முதலில் இடது கால்மாட்டில் மிதி, கார்பெட், பக்கத்துப் பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் கழற்றி இரும்புத் தரை தெரியும்வரை திறந்தார். கார்பெட்டுக்கு அடியில் இரண்டு விரல் தடிமனுக்குப் பஞ்சு மெத்தை இருக்கிறது. மேலே காய்ந்திருந்தாலும் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கிடக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பூக்கவில்லை. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் செலவு கண்ணாடியோடு நின்றிருக்காது என்றார். கண்ணாடிக்கு இரு பக்கமும் இருக்கும் தூண்களின் உள்மூடியையும் கழற்றினார். எல்லாவற்றையும் துணியால் ஒற்றிக் காயவைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் சாதாரணப் பவுடரைக் கண்ணாடியின் உள்விளிம்பு, தூண், தரை என்று மெல்லத் தூவினார். ஈரம் வந்தால் பவுடரில் கோடு விழும். கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. பள்ளி ஆய்வகத்தில்கூட இவ்வளவு சிக்கனமான சோதனையை நான் செய்ததில்லை.

தண்ணீரை மேலிருந்து ஊற்றவில்லை. இது முக்கியம். மேலே ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டு இறங்கும், எதன் வழியே நுழைந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கீழிருந்து தொடங்கினார். ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சவும் இல்லை, சும்மா வழியவிட்டார். கடைப் பையன் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொண்டான். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டின்மேல் பத்து நிமிடம். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் வடிய வேண்டிய வேகத்தில் வடியவில்லை. தட்டைக் கழற்றினார். இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் துளைகளை அடைத்துக்கொண்டு வேப்பிலைச் சருகு, மண், அதோடு ரசத்துக்கு ஆகிற அளவு வேப்பம்பூ. அதே பள்ளத்துக்குள்தான் காருக்குள் வெளிக்காற்றை இழுக்கும் வாயும் இருக்கிறது. வடிகால் முழுக்க அடைத்துத் தண்ணீர் மட்டம் ஏறினால் அந்த வாய் வழியே நேராக உள்ளே விழும். என் காரில் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, வேம்பு பூத்து முடிந்ததும் ஒருமுறை அந்தத் தட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

அடுத்துக் கண்ணாடியின் வலது ஓரம், பிறகு இடது ஓரம், கீழிருந்து மேலாகச் சாண் சாணாக. ஒன்றும் இல்லை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. இடது மேல் மூலைக்குத் தண்ணீர் வந்த மூன்றாவது நிமிடம் பையன் உள்ளிருந்து குரல் கொடுத்தான். போய்ப் பார்த்தேன். பவுடரில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு மெல்லிய கோடு. கூரைத் துணியின் ஓரத்தில் தொடங்கி, தூணுக்குள் இறங்கி, கதவோரமாகக் கால்மாட்டுக்குப் போயிருந்தது. தண்ணீர் நுழைந்தது என் தலைக்கு மேலே, நனைந்தது பாதத்துக்குக் கீழே! நடுவில் எங்கும் சொட்டாததால் ஒரு மாதமாக யாரும் மேலே பார்க்கவே இல்லை.

அதோடும் விடவில்லை. கதவுகளை மூடி, வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து, விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டார். காருக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடும். வெளியே அந்த மூலையில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். சிலிகான் பூச்சின் ஓரத்தில் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கும் அதே வித்தைதான். 500 ரூபாய் அங்கேயே செரித்துவிட்டது.

சரிசெய்ய வேண்டுமானால் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றார். கழற்றும்போது உடையலாம், உடைந்தால் புதுக் கண்ணாடியின் விலை என் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முன் கண்ணாடி என்பது ஒரே கண்ணாடி அல்ல. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அதனால்தான் கல் பட்டாலும் பக்கத்துக் கண்ணாடிபோல் பொலபொலவென்று கொட்டாமல் விரிசலோடு நிற்கிறது. கழற்றும்போது ஓரத்தில் சின்னதாக ஒரு நெருடல் பட்டால் போதும், விரிசல் ஓடிவிடும். சரி என்றேன். உடனே வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்வார் என்று பார்த்தால், வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம் டீச்சர், மழை வரும். ஒட்டும் இடம் காய்ந்திருக்க வேண்டும்" என்று இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் போனேன். மெல்லிய எஃகுக் கம்பியைப் பசைக்குள் நுழைத்து, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், மாற்றி மாற்றி இழுத்தார்கள். வேகவைத்த முட்டையை நூலால் அறுப்பதுபோல் கண்ணாடி சுற்றிலும் அறுபட்டு வந்தது. உடையவில்லை. நான் மூச்சு விட்டேன்.

கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புப் பசை ஒரே கயிறுபோல் சுற்றி வந்து, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சேர வேண்டும். இடது மேல் மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சேராமல் விட்டிருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேர வேகத்தின் மர்மம் விளங்கியது. பழைய கண்ணாடியைக் கத்தியால் அறுத்தபோது இரும்பு விளிம்பில் பெயின்ட் கீறியிருந்தது. கீறலை மூடாமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அங்கே துரு. வினிகர்ச் சிலிகானுக்கு அடியில் துரு இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. என் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அன்று காலை முழுவதும் போனது ஒட்டுவதில் அல்ல, அந்தச் சிலிகானைச் சுரண்டுவதில். கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசை சிலிகான் பட்ட இடத்தில் பிடிக்காது. எண்ணெய்ச் சட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுவதுபோல்தான். பிளேடால் சுரண்டி, கரைசலால் துடைத்து, மறுபடியும் சுரண்டி, "அறுநூறு ரூபாய்க்கு எனக்கு அரை நாள் வேலை வைத்துவிட்டார்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார். துருவைத் தேய்த்து எடுத்து, கீறலுக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சைத் தடவிக் காயவிட்டார். பழைய பசையை அடியோடு எடுக்காமல், நன்றாகப் பிடித்திருந்த இடங்களில் ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைத்தார். புதுப் பசை அதன்மேல் உறுதியாகப் பிடிக்குமாம். பசைக் குழலின் வாயை முக்கோணமாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் சுற்றி வந்தார். தொடங்கிய இடம் கண்ணாடியின் கீழ்ப் பகுதியில், மூலையில் அல்ல. முடிக்கும்போது இரண்டு விரல் நீளம் மேலேற்றித் தட்டிவிட்டார்.

ஆசிரியை என்பதால் ஓர் இடைச்செருகல். இந்தப் பசை இறுகுவதற்குக் காற்றில் இருக்கும் ஈரம் வேண்டும். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நீரோடு வினைபுரிந்து, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டு, ரப்பர்போல் கெட்டியாகிறது. எந்தத் தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டுமோ அதே தண்ணீர்தான் அதை இறுக்குகிறது. கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். "அதனால்தான் சித்திரையில் காய்வதற்கு நேரமாகிறதா?" என்றார். முப்பத்தோரு ஆண்டில் இப்படி ஒரு கேள்வி என் வகுப்பில் வந்ததில்லை. கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதே, அது அழகுக்கு அல்ல, வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு இந்தப் பசை கெட்டுப்போகாமல் மறைப்பதற்கு என்பதை அவரிடமிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

வண்டியை அன்றிரவு அங்கேயே நிறுத்தி, மறுநாள் காலையில் கொடுத்தார். ஒரு ஜன்னலை ஓர் அங்குலம் இறக்கியே வைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கதவைப் படாரென்று சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று இன்னும் இறுகாத பசையைத் தள்ளிவிடும். இரண்டு நாள் கழுவக் கூடாது, வேகத்தடையில் குதிக்கக் கூடாது. பல கார்களில் முன் பயணியின் காற்றுப்பை விரியும்போது இந்தக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்துத்தான் நிற்கிறது என்பதால், பசை இறுகும் முன் நெடுஞ்சாலைக்கும் போகாதீர்கள் என்றார். மேலூர்ப் பயணத்தை ஒரு வாரம் தள்ளினேன்.

சரிசெய்த கூலி, பசை, பிரைமர், கண்ணாடி ஓரத்துக்குப் புது ரப்பர் பட்டை (பீடிங்) எல்லாம் சேர்த்து 3,400. தேடிய கூலி 500. மொத்தம் 3,900 ரூபாய். முதல் நாளே இங்கே வந்திருந்தால் 1,850 ரூபாயும் ஒரு மாத வாடையும் மிச்சம்.

இனி அந்த 18. ரசீது கேட்டால் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் தொகையை எழுதித் தருகிறார், ஓராண்டு உத்தரவாதமும் வாய்ச்சொல்தான். 5 போயிற்று. தொலைபேசியை எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். 4. வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது என்பதையும் நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். பெண்கள் காத்திருக்க இடமோ கழிப்பறையோ இல்லை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாதான் நாற்காலி. அறுபது தாண்டிய முழங்காலுக்கு அது தண்டனை. 3. மீதி 6 பீடிங்குக்கு. கம்பெனி பீடிங் கிடைக்காமல் வேறொன்றை அளவுக்கு வெட்டிப் போட்டிருக்கிறார். வலது மூலையில் நெல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் புகாது, பசைதான் தடுக்கிறது, பீடிங் வெறும் ஓரம் என்கிறார். இருக்கட்டும். ஓட்டும்போது என் கண் அங்கேதான் போகிறது. மதுரை வெயிலில் அது கருவாடாகச் சுருங்க எவ்வளவு நாளாகும்?

கார்பெட்டையும் பஞ்சையும் மொட்டைமாடியில் நான்கு நாள் காயப்போட்டேன். மூன்றாம் நாள் மழை வந்து ஓடிப்போய் எடுத்தது வேறு கதை. வாடை முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசி இன்னும் இருக்கிறது, அதைக் கடைக்காரர் கணக்கில் எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஆறு மழை பார்த்தாகிவிட்டது. அவற்றில் ஒன்று இரவு முழுக்கக் கொட்டியது. ஒவ்வொரு முறையும் மிதிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் எடுத்துப் பார்த்தேன். மொடமொடவென்று இருந்தது. கம்பெனி பீடிங் வந்ததும் கூலி இல்லாமல் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் போய்க் கேட்டேன், இன்னும் வரவில்லையாம். மாற்றிக் கொடுத்தால் அந்த 6 மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிடுகிறேன்.